இறகில் எழுதிய சாதி

தமிழில் 'ஜாதி' என்ற சொல்லை மனுசனோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஜாதி நாய், ஜாதி மாடு, ஜாதிச் சேவல் என்கிறோம். ஜாதி இல்லாதது 'தெரு நாய்'. "மிருகத்துலயே சுத்த ஜாதின்னு ஒண்ணு இருக்குதே, மனுசன்ல மட்டும் எப்படி இல்லாமப் போவும்?" என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இதற்கு அறத்தைச் சொல்லிப் பதில் பேசிப் பிரயோசனமில்லை. கோழியை எடுத்தே பேசிவிடலாம் என்றுதான் கோழிகளின் வரலாற்றைப் படித்தேன்.

இறகைப் பார்த்துக் கோழிக்குச் சுத்தம் சொல்லுகிற வழக்கம் ஆதிகாலத்தது அல்ல. இங்கிலாந்தில் 1835, 1849 சட்டங்கள் சேவல் சண்டையைத் தடைசெய்தன. அந்தக் காலத்தில்தான் கோழிக் கண்காட்சிகள் பெருகின. 1845இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் ஒரு கண்காட்சி நடந்தது. 1865இல் அந்நாட்டில் கோழிகளுக்கான தர இலக்கணம் அச்சானது. அமெரிக்காவில் 1873இல் கோழி வளர்ப்போர் சங்கம் ஏற்பட்டு, மறுவருசமே தன் இலக்கண நூலை வெளியிட்டது. கொண்டை இப்படி, கால் நிறம் இப்படி, இறகுக் கோடு இப்படி என்று விதி. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். களத்தில் ஜெயித்த சேவலின் இடத்துக்கு, புத்தகத்துக்குப் பொருந்துகிற சேவல் வந்தது.

இதில் பேர் போனது பிளைமவுத் ராக் என்கிற வரிக் கோழி. ஒவ்வொரு இறகிலும் கறுப்பும் வெளுப்புமாகக் குறுக்குக் கோடுகள். இறகின் நுனி கறுப்பில்தான் முடிய வேண்டும். ஆனால் இந்தச் 'சுத்த' இனம் எப்படி வந்தது? டொமினிக் என்ற பழைய வரிக் கோழியைக் கறுப்பு ஜாவாக் கோழியோடு கலந்து உண்டாக்கியது. 1869இல் மசாசூசெட்ஸின் உஸ்டர் நகரக் கண்காட்சியில் வைத்தார்கள். 1870இல் நியூயார்க் கோழிச் சங்கம் ஒரு முடிவு எடுத்தது. ரோஜாக் கொண்டை உள்ளவை மட்டுமே டொமினிக், ஒற்றைக் கொண்டை உள்ளவை பிளைமவுத் ராக் கணக்கில் சேரும் என்று. அதுவரை ஒரே பேரில் ஒன்றாக மேய்ந்தவை அன்றிலிருந்து ரெண்டு ஜாதி. கோழிகளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாலு பேர் கூடி முடிவு பண்ணினார்கள், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. வரியை உண்டாக்கும் மரபணு பால் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு அந்தக் குரோமோசோம் ரெண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். ஆகவே சேவல் வெளுப்பாகவும் பெட்டை கறுப்பாகவும் இருப்பதே அந்தக் கோழியின் இயல்பு. இலக்கணமோ ரெண்டும் ஒரே சாயலில் இருக்கணும் என்றது. வளர்ப்பவர்கள் என்ன செய்தார்கள்? ஒரே இனத்துக்குள் ரெண்டு தனி வம்சங்களைப் பிரித்து வளர்த்தார்கள். ஒரு வம்சத்தில் சேவல்கள் பரிசுக்குத் தேறும், அதன் பெட்டைகள் அளவுக்கு மீறிக் கறுத்துப் பிறக்கும். இன்னொன்றில் பெட்டைகள் தேறும், சேவல்கள் வெளுத்துப்போகும். கண்காட்சியில் ஜோடியாக நிற்கிற சேவலும் பெட்டையும் வேறு வேறு வம்சம். அந்த ஜோடியைக் கூட்டினால் அதே போன்ற ஜோடி பிறப்பதில்லை. தேறாத அண்ணன் தங்கச்சிகள் யார் கண்ணுக்கும் படாமல் பின்கட்டில் கிடக்கும். பொருந்தாத இறகைப் பிடுங்கிவிட்டுக் கூண்டில் வைப்பவர்களும் இருந்ததால், அதற்கும் ஒரு விதி எழுதித் தகுதி நீக்கம் செய்ய வேண்டியிருந்தது.

சுத்தம் என்பது தானாக நிற்பதல்ல என்பது இதிலிருந்து விளங்குகிறது. அது நிற்க வேண்டுமானால் பெட்டையைப் பூட்டி வைக்க வேண்டும்.

எங்கள் சேரியிலும் இறகை வைத்துத்தான் கோழிக்குப் பேர். கருங்கோழி, வெள்ளைக் கோழி, பொறிக்கோழி, கழுத்தறுத்தான் கோழி. ஆனால் அது எந்தக் கோழி யார் வீட்டுது என்று அடையாளம் சொல்ல. அம்மா கிடைத்த முட்டையை எல்லாம் கலந்து அடை வைப்பாள், சில சமயம் வாத்து முட்டையையும். ஒரே அடையில் நாலு நிறத்தில் குஞ்சு பொரிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பஞ்சாரம்தான்.

அமெரிக்கக் கோழிக் கொட்டகையில் தொடங்கியது அங்கேயே நிற்கவில்லை. நியூயார்க்குக்குப் பக்கத்தில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வு நிலையத்தின் இயக்குநர் சார்லஸ் டேவன்போர்ட் 1906இலும் 1909இலும் கோழிகளின் கொண்டையும் இறகும் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி இறங்குகின்றன என்று எழுதினார். 1910இல் அதே ஊரில் மனிதர்களுக்கு வம்சாவளிப் பதிவகம் திறந்தார். அதை மேற்பார்வை செய்த ஹாரி லாஃப்லின், 1907இல் கோழிக் கலப்பு பற்றிக் கேட்டுக் கடிதம் எழுதி டேவன்போர்ட்டுக்கு அறிமுகமானவர். லாஃப்லின் 1922இல் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தையொட்டி வர்ஜீனியா மாநிலம் 1924இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. வெள்ளையர் பிற இனத்தாரை மணப்பதைத் தடுக்கும் 'இனத் தூய்மை'ச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. நாஜிகளின் 1933 கருத்தடைச் சட்டத்துக்கும் லாஃப்லினின் சட்டம் ஒரு முன்மாதிரி. வர்ஜீனியாவின் திருமணத் தடையை உச்சநீதிமன்றம் உடைக்க 1967 ஆயிற்று.

அந்தப் பதிவகம் மும்முரமாக இயங்கிய நாட்களில் பாபாசாகேப் அம்பேத்கர் நியூயார்க்கில்தான் இருந்தார். 1916 மே மாதம் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில், சாதியின் சாரம் அகமணம்தான் என்றும், அதைக் காப்பாற்றவே பெண்ணின் மேல் சதியும் விதவைக் கோலமும் குழந்தை மணமும் சுமத்தப்பட்டன என்றும் நிறுவினார். கோழிக்காரனின் பூட்டு நம் சமூகத்தில் யார் மேல் விழுந்தது என்பதை அதைப் படித்தால் புரிந்துகொள்ளலாம். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி ரத்தத் தூய்மையைக் காக்கிறது என்ற வாதத்தையே எடுத்து உடைத்தார். பஞ்சாபின் பார்ப்பனரும் பஞ்சாபின் சமாரும் ஒரே இனவழியினர் என்றார்.

கோழிக்காவது இறகு இருக்கிறது. சாதிக்கு அதுவும் கிடையாது. அதனால்தான் இறகை வெளியிலிருந்து ஒட்டவைத்தார்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள் மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன் வெள்ளி நகை கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது, பெண்கள் மாரை மறைக்கக் கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. பிறப்பில் உண்மையாகவே வித்தியாசம் இருந்தால், பார்த்த மாத்திரத்தில் தெரியுமே? அடித்து மிரட்டி அடையாளம் போட வேண்டிய அவசியம் என்ன வந்தது?

இன்றும் அந்தச் சிக்கல் தீரவில்லை. வாடகைக்கு வீடு தேடிப் போன இடத்தில் வீட்டுக்காரர் முன்பணம்கூடப் பேசி முடித்தார். அப்புறம்தான் ஊர் கேட்டு, தெரு கேட்டு, விசயம் தெரிந்ததும் சொன்னார்: "உங்களப் பாத்தா அப்படித் தெரியலையே." வீடு கிடைக்கவில்லை. ஆனால் அவர் வாயாலேயே ஒரு உண்மை வந்துவிட்டது. பார்த்தால் தெரியாது. தெரிவதற்கு ஒன்றும் இல்லை.

கடைசியாக, பிளைமவுத் ராக்கின் இலக்கணத்தில் இன்னொரு விதி: கால் மஞ்சளாக இருக்க வேண்டும். கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு எங்கிருந்து வந்தது என்று 2008இல் ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து ஆய்வு முடிவு வந்தது. வீட்டுக் கோழிகளின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து அல்ல. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரிகிற சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து. ரெண்டு வேறு இனங்கள் கலந்ததால் வந்தது அந்த நிறம். நூற்றைம்பது வருசமாக நீதிபதிகள் கூண்டுக்கு முன்னால் குனிந்து, சுத்தத்துக்குச் சாட்சி என்று மதிப்பெண் போட்டுவந்த மஞ்சள் கால், கலப்புக்குத்தான் சாட்சி. இனி யாராவது கோழியைக் காட்டிச் சாதிக்கு நியாயம் பேசினால், தோழர்களே, அதன் காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.