ஆனர்ஸ் வகுப்பின் கதவும் அதற்கு அடுத்த கதவும்

திருவிதாங்கூரில் ஒரு தலித் பிள்ளை பள்ளிக்கூடப் படியேறவே ஒரு போராட்டம் தேவைப்பட்டது. அதை நடத்தியவர் அய்யன்காளி. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அவர், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று உழைக்கும் மக்களைத் திரட்டினார். பஞ்சமி என்ற சிறுமியை அழைத்துக்கொண்டு ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் போனபோது, ஆதிக்க சாதியினர் அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். தீண்டத்தகாதவள் உட்கார்ந்து படிப்பதைவிடப் பள்ளிக்கூடமே இல்லாமல் போகட்டும் என்பது அவர்கள் கணக்கு.

1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். இரண்டு மாதங்கள் கழித்து, 1937 ஜனவரியில், காந்தி வெங்ஙானூருக்கு வந்து அய்யன்காளியைச் சந்தித்தார். கோயில் திறந்ததை நாடே கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். எழுதப் படிக்க வாய்ப்பில்லாமல் வளர்ந்த அய்யன்காளி அந்தச் சந்திப்பில் சொன்ன ஆசை வேறு: சாவதற்குள் என் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும்.

அதே சமஸ்தானத்தில், உழவூரில், ஒரு பட்டியல் சாதிக் குடும்பத்தில் 1920இல் பிறந்தவர் கே.ஆர்.நாராயணன். அப்பா நாட்டு வைத்தியர். தினமும் பல மைல் நடந்துதான் பள்ளி. கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட நாட்கள் உண்டு. புத்தகம் வாங்கக் காசில்லை. அண்ணன் இரவல் வாங்கி, கையால் பிரதி எடுத்துக் கொடுப்பார். கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் உதவித்தொகையோடு இன்டர்மீடியட் முடித்து, 1940இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் ஆனர்ஸ் என்பது சாதாரண பி.ஏ. அல்ல. ஒரே பாடத்தில் ஆழமாகப் படிக்கும் படிப்பு, எம்.ஏ.வுக்கும் விரிவுரையாளர் வேலைக்கும் போகும் வழி. அதில் உட்கார்ந்தவர்களில் நம்மவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1941 ஜூன் 18இல் அய்யன்காளி இறந்தபோது நாராயணன் அந்த வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார். 1943இல் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் பெற்றுத் தேறினார். திருவிதாங்கூரில் இந்தப் பட்டத்தை முதல் வகுப்பில் பெற்ற முதல் தலித் அவர்.

இனி விரிவுரையாளர் வேலைதானே? கிடைக்கவில்லை. அப்போது திவான் சர் சி.பி.ராமசாமி ஐயர், பல்கலைக்கழகத் துணைவேந்தரும் அவரே. முதலிடம் பெற்றவருக்கு நீட்டப்பட்டது குமாஸ்தா வேலை. நாராயணன் அதை மறுத்தார். பட்டமளிப்பு விழாவில் பட்டத்தையும் வாங்க மறுத்தார். பத்திரிகையாளரானார், பிறகு டாட்டா உதவித்தொகையில் லண்டன் பொருளியல் பள்ளிக்குப் போய் ஹெரால்ட் லாஸ்கியிடம் படித்தார். 1949இல் வெளியுறவுப் பணி. 1997இல் குடியரசுத் தலைவர்.

இந்தக் கதையைக் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு மேடையில் சொல்கிறார்கள்: "படித்தால் ஜனாதிபதி ஆகலாம்." நாம் பார்க்க வேண்டியது நடுவில் உள்ள வரியை. கோயில் கதவைத் திறந்துவிட்டதாகப் பெயர் வாங்கிய அதே நிர்வாகம், ஏழே ஆண்டுகளில், ஆசிரியர் நாற்காலி என்று வந்ததும் கையை விரித்தது. சாதி ஒரு கதவில் தோற்றால் ஊரைவிட்டுப் போய்விடுவதில்லை. அடுத்த கதவுக்குப் போய் நின்றுகொள்கிறது. பள்ளியில் தோற்றது, கல்லூரிக்குப் போனது. ஆனர்ஸ் வகுப்பில் தோற்றது, வேலை நியமனத்துக்குப் போனது.

இன்று அந்த அடுத்த கதவு எது? பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி ஆனர்ஸ் என்பது நான்கு ஆண்டு, 160 கிரெடிட். மூன்றாண்டு, 120 கிரெடிட்டோடு சாதாரணப் பட்டம் வாங்கி வெளியேறலாம். ஓராண்டிலேயே சான்றிதழோடும் போகலாம். நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவு வேண்டுமென்றால் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும்.

இடஒதுக்கீடு முதலாண்டுச் சேர்க்கையில் இருக்கிறது. ஆனால் வடிகட்டுவது நான்காம் ஆண்டு வாசலில் நடக்கிறது. வீட்டில் காசில்லாத பிள்ளை "வெளியேறும் வாய்ப்பு" வழியாகப் போய்விட்டால், யாரும் வெளியேற்றியதாகக் கணக்கில் வராது. அய்யன்காளி காலத்தில் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். இப்போது அந்தச் சிரமம்கூட இல்லை.

ஆகவே டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஆனர்ஸ் சேர்ந்திருக்கும் தோழர்களே, பதிவு செய்யும் நாளிலேயே கேளுங்கள். நான்காம் ஆண்டுக்கும் கல்வி உதவித்தொகை தொடருமா? அந்த 75இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குத் தளர்வு உண்டா? ஆய்வு நெறியாளரை ஒதுக்குவது யார், எந்த விதிப்படி? முதலாண்டில் சேர்ந்த நம்மவர் எத்தனை பேர், நான்காம் ஆண்டில் பதிவு செய்தவர் எத்தனை பேர்? வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

அய்யன்காளி பத்துப் பட்டதாரிகள் என்று எண்ணிக்கை சொல்லிக் கேட்டார். நாமும் எண்ணிக்கையோடுதான் கேட்க வேண்டும்.

ஜெய் பீம்.