ஐபிவி4, ஐபிவி6: எது வேகம், எது பாதுகாப்பு?

டத்தோ கிராமாட் சாலையோரம் ஓர் அடுக்குமாடியை நினைத்துப் பாருங்கள். உள்ளே 100 வீடுகள். ஆனால் வெளி உலகுக்குத் தெரிவது ஒரே முகவரி, அதுவும் காவலர் சாவடியின் முகவரி. வரும் பொட்டலங்களைக் காவலர்தான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கிறார்.

உங்கள் கைப்பேசியின் இணையமும் பல நேரங்களில் இப்படித்தான் ஓடுகிறது. காரணம் ரொம்ப சிம்பிள்: பழைய முகவரிகள் தீர்ந்துபோச்சு.

எப்படித் தீர்ந்தது?

ஐபிவி4 முறை 1981-இல் வரையறுக்கப்பட்டது. 32 பிட் நீளம் என்பதால் அதில் இருப்பது சுமார் 4.3 பில்லியன் முகவரிகள்தான். வீட்டுக்கு நாலு கைப்பேசி, டிவி, கேமரா என்று வரும்னு அப்போது யாரும் நினைக்கவில்லை. 2011 பிப்ரவரியில் உலகக் கையிருப்பு காலியானது. அதே ஏப்ரலில், மலேசியா உட்பட ஆசிய பசிபிக் வட்டாரம் கடைசித் தொகுதியை எட்டியது; அன்று முதல் பங்கீடுதான்.

ஐபிவி6-இன் முகவரி 128 பிட். மொத்த எண்ணிக்கை, 340-க்குப் பின்னால் 36 பூஜ்யங்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கொடுத்தாலும் தீராது.

இதில் பினாங்குக்கும் பங்கு உண்டு. டத்தோ கிராமாட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், குளுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 2005-இல் தேசிய ஐபிவி6 ஆய்வு மையம் தொடங்கியது. அதன் இயக்குநராக இருந்தவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ். இன்று கூகுளின் கணக்குப்படி, மலேசியாவிலிருந்து அதைப் பயன்படுத்துவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐபிவி6 வழியாகவே வருகிறார்கள்.

சரி, எது வேகம்?

ஐபிவி6-க்கு மாறினால் 100 எம்பிபிஎஸ் திட்டம் 200 ஆகிவிடாது. ஆனால் சில இடங்களில் வேலை குறைகிறது. காவலர் சாவடி தேவையில்லை. தகவல் நேராக உங்கள் வீட்டுக்கே வரும். ஐபிவி4-இல் வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் தலைப்பகுதியின் சரிபார்ப்பு எண்ணைத் திரும்பக் கணக்கிட வேண்டும். ஐபிவி6-இல் அந்த எண்ணே கிடையாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஐபிவி4 தலைப்பகுதி குறைந்தது 20 பைட், ஐபிவி6-இல் 40. ஒவ்வொரு பொட்டலத்திலும் கொஞ்சம் கூடுதல் சுமை. நிஜத்தில் வேகத்தை முடிவு செய்வது உங்கள் நிறுவனத்தின் பாதை. அதனால்தான் உலாவிகள் இரண்டு வழிகளையும் முயன்று பார்த்து, முதலில் பதில் தரும் வழியைப் பிடித்துக்கொள்கின்றன.

வித்தியாசம் நன்றாகத் தெரிவது ஆன்லைன் விளையாட்டில். நண்பரோடு நேரடியாக இணைய முடியாமல் தவிக்கிறீர்களா? பகிர்ந்த ஐபிவி4 முகவரி அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே முகவரியில் இருக்கும் யாரோ ஒருவர் தில்லுமுல்லு செய்தால், தளம் அந்த முகவரியையே தடுக்கும். தப்பு செய்யாத நீங்களும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

எது பாதுகாப்பு?

'ஐபிவி6 என்றாலே பாதுகாப்பு' என்பது பாதி உண்மைகூட இல்லை. ஐபிசெக் என்ற குறியாக்க வசதி தொடக்கத்தில் அதில் கட்டாயம் என்று எழுதப்பட்டது. 2011-இல் அது பரிந்துரையாகத் தளர்ந்தது. ஐபிவி4-இலும் அதே ஐபிசெக் இயங்கும்.

ஐபிவி6-இன் ஒரு பலம் அதன் பரப்பு. வீட்டு வலையமைப்பு ஒன்றில் மட்டும் 2-இன் 64-ஆம் அடுக்கு முகவரிகள் இருக்கலாம். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து உங்கள் கேமராவைக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம்.

ஆனால் கவனம்: காவலர் போனால் கதவை நீங்கள்தான் பூட்ட வேண்டும். ஐபிவி4-இல் பகிர்வு முறை, வெளியிலிருந்து வரும் அழைப்புகளைத் தற்செயலாகத் தடுத்துவந்தது. ஐபிவி6-இல் அந்த வேலை ரவுட்டரின் ஃபயர்வாலுடையது. அது அணைந்திருந்தால், முகவரி தெரிந்தவர் நேராக உங்கள் கருவியின் வாசலுக்கு வரலாம்.

இன்றே செய்யக்கூடியவை

• 'என் ஐபி என்ன' என்று தேடுங்கள். இடையில் முக்காற்புள்ளிகள் வந்தால் ஐபிவி6; வெறும் புள்ளிகள் என்றால் ஐபிவி4.

• ரவுட்டர் பக்கத்தில் உங்கள் வெளி முகவரி 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால், நீங்கள் பகிர்ந்த முகவரியில் இருக்கிறீர்கள். விளையாட்டு சிக்கலாக இருந்தால், ஐபிவி6 கிடைக்குமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள்.

• ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் 'ஆன்' என்று இருக்கிறதா, பாருங்கள். பல ரவுட்டர்களில் அது தனி அமைப்பு.

• விபிஎன் பயன்படுத்துகிறீர்களா? அது ஐபிவி4-ஐ மட்டும் மறைத்தால், உங்கள் ஐபிவி6 முகவரி வெளியே கசியலாம். இணைத்த பிறகு மறுபடியும் சோதித்துப் பாருங்கள்.

• கேமராவின் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். எந்த முறையானாலும் இதுக்கு மாற்று இல்லை.