செத்த காலேஜும் உயிர் காலேஜும்

கிராமத்து ஆட்களைக் கிண்டல் பண்ண மெட்ராஸ்காரங்க ஒரு பழைய சங்கதி வச்சிருக்காங்க. எழும்பூர் மியூசியத்தை நம்ம ஜனங்க ‘செத்த காலேஜ்’ என்பார்கள். மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்பார்கள். படிக்காத ஜனம், பெரிய கட்டடம் எதைப் பார்த்தாலும் காலேஜ்னு நினைச்சுக்கிச்சு என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாற்றைப் பார்த்துடலாம்.

1851-ல் மெட்ராஸில் மியூசியம் தொடங்கியபோது அது எழும்பூரில் இல்லை. நுங்கம்பாக்கத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று ஒன்று இருந்தது. கம்பெனி உத்தியோகத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பையன்களுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுக்க 1812-ல் ஏற்பட்ட கல்லூரி. அதோட மாடியில்தான் முதல் மியூசியம். இன்றைக்கு நீங்க டி.பி.ஐ. வளாகம் என்று சொல்றீங்களே, அந்த இடம். வாசலில் போற ரோட்டுக்கு இன்னமும் காலேஜ் ரோடு என்றுதான் பேர். சில வருஷம் கழித்து, 1854-ல் எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு மியூசியம் மாறியது.

அதைப் பார்த்துக்கொண்டவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ டாக்டர். கல்லையும் எலும்பையும் மட்டும் வைத்தால் கூட்டம் வராது, உயிரோட ஒரு புலி நின்றால் ஜனம் அலைமோதும் என்று கண்டுகொண்டவர் அவர். ஆர்க்காட்டு நவாபிடம் பேசி, அவர் வளர்த்த மிருகங்களை எல்லாம் வாங்கி, 1855-ல் மியூசியத்துக்குள்ளேயே மிருகக்காட்சி சாலையை ஆரம்பித்தார். இந்தியாவின் பழைய மிருகக்காட்சி சாலைகளில் அது ஒன்று. ஒரே வருஷத்தில் முந்நூறுக்கு மேல் உருப்படி சேர்ந்துவிட்டது. எழும்பூர் இடம் போதாமல் 1860-களில் சென்ட்ரல் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க்குக்குக் கொண்டுபோனார்கள்.

ஆக, முதலில் காலேஜ் மாடியில் செத்தது இருந்தது. அப்புறம் அதே மியூசியத்தில் செத்ததும் உயிருள்ளதும் சேர்ந்து இருந்தது. பிறகு ரெண்டும் பாகம் பிரித்துக்கொண்டு போனது. என் கணக்கு இதுதான்: நம்ம ஆட்கள் வைத்த பேரில் புத்திக் குறைவு ஒண்ணும் இல்லை. பட்டணத்துக்காரங்க மறந்துபோன சங்கதியை அந்த ரெண்டு பேரும் ஞாபகம் வச்சிருந்தது.

அந்தக் காலத்துப் பட்டணப் பயணம் எப்படி நடந்தது என்பதையும் சொல்லணும். எங்க பக்கம், தென்னார்க்காட்டில், மல்லாட்டை விற்ற காசு கையில் இருக்கும்போதுதான் பட்டணம் போற பேச்சே எழும். நடவு, அறுப்பு சமயத்தில் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு, ராத்திரி ரயிலேறி, விடிகாலை எழும்பூரில் இறங்குவார்கள். 1908-ல் திறந்த அந்த சிவப்புக் கட்டடம்தான் தெற்கத்திக்காரனுக்குப் பட்டணத்தின் வாசல்படி. குழாயடியில் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு நடந்தால் பக்கத்திலேயே செத்த காலேஜ். அங்கிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்தால் உயிர் காலேஜ். அதை ஒட்டியே 1900-ல் திறந்த மூர் மார்க்கெட். பழைய புத்தகத்திலிருந்து கிளிக்கூண்டு வரைக்கும் கிடைக்கும். விலை கேட்டாலே வம்பு என்று ஊரில் எச்சரித்துத்தான் அனுப்புவார்கள். 1953 வரைக்கும் டிராம் வண்டியும் ஓடியது.

1959-க்குப் பிறகு எல்.ஐ.சி. கட்டடமும் சேர்ந்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று, அண்ணாந்து பார்த்து, பதினாலு மாடியையும் விரல்விட்டு எண்ணிய பிறகுதான் நகர்வார்கள். சாயங்காலம் மெரினாவில் கால் நனைப்பு. ராத்திரி சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை, இல்லையென்றால் அதே எழும்பூர் பிளாட்பாரம். மறுநாள் ஊர்.

ஒரு நாள் கூத்துதான். ஆனா அது ஊருக்குள்ளே பத்து வருஷம் ஓடும். எங்க ஆயா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவங்க. திமிங்கலம் என்று ஒரு ஜீவன் இருக்கிறதை எனக்கு முதலில் சொன்னது வாத்தியார் இல்லை, அவங்கதான். “கவுத்துப் போட்ட தோணி மாதிரி எலும்புடா, உள்ள நம்ம மாட்டுக்கொட்டாயே அடங்கும்” என்பாங்க. களை எடுக்கிற இடத்தில் நாலு பெண்டுகள் அதைக் கேட்டுக்கிட்டே வரப்பைத் தாண்டுவாங்க. கேட்டவங்க பாதிப் பேர் மெட்ராஸை ஒருநாளும் பார்த்தது கிடையாது. படிக்கக் கொடுத்து வைக்காத சனத்துக்கு, போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டு வந்து நாலு பேருக்குச் சொல்ற இடத்தைக் காலேஜ் என்று சொல்லாமல் வேற என்னன்னு சொல்றது?

1985 அந்தப் பயணத்துக்கு ஒரு முடிவு எழுதியது. மே மாசக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்து போனது. ஜூலையில் வண்டலூரில் புது உயிரியல் பூங்கா திறந்தார்கள். மிருகங்களுக்கு அது நல்லதுதான். அந்த நெருக்கடியில், ரயில் சத்தத்தில், கூண்டுக்குள்ளே கிடந்ததை விட காடு மாதிரி இடம் எவ்வளவோ மேல். ஆனா ரயிலை விட்டு இறங்கி நடந்தே பட்டணத்தைப் பார்த்துவிடுகிற அந்த ஒருநாள் வட்டம் அத்தோடு அறுந்து போச்சு. மூர் மார்க்கெட் இடத்தில் இப்போ புறநகர் ரயில் நிலையம். பீப்பிள்ஸ் பார்க் பக்கம் நேரு ஸ்டேடியம். உயிர் காலேஜ் என்று கேட்டால் வழி சொல்ல அங்கே ஆள் இல்லை.

செத்த காலேஜ் மட்டும் பாந்தியன் ரோட்டில் அப்படியே இருக்கு. திமிங்கல எலும்பும் இருக்கு. எங்க ஊர்லேருந்து வேன் பிடித்து வர்ற பிள்ளைகளும் இப்போ ஷாப்பிங் மால் எங்கே என்றுதான் முதலில் கேட்குதுங்க; அதுங்களைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளூரிலேயே இருக்கிற உங்களைத்தான் கேட்கிறேன், அங்கே கடைசியாப் போய் எத்தனை வருஷமாச்சு? ஊரிலிருந்து பெரியவங்க யாராவது வீட்டுக்கு வந்தால் ஒருதரம் கூட்டிக்கிட்டுப் போங்க. வழியில் அவங்க அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களோ, திருத்த வேண்டாம்.