சீகன்பால்க்கின் நூலும் நமது அடிக்குறிப்பும்

இறையியல் மாணாக்கர் எழுதும் ஆய்வேடுகளில், ‘1713ஆம் ஆண்டில் சீகன்பால்க் கூறுவதாவது’ என்று தொடங்கும் வாக்கியத்தைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் அடிக்குறிப்பில் காட்டப்பட்டிருப்பதோ, சென்னையில் 1869இல் அச்சான ஓர் ஆங்கில நூல். இடைப்பட்ட 156 ஆண்டுகளில் அந்நூல் யார் யார் கைப்பட்டது என்று ஒருவரும் வினவுவதில்லை.

1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், ஆதாரம் காட்டுவதில் நம்மைவிடக் கண்டிப்பானவர். 1708இலேயே தாம் திரட்டிய ஏடுகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். தமிழ்நாட்டு இந்துக்களின் நூல்கள் மட்டும் அதில் 119. அவை எதைப் பற்றியவை, தாம் அவற்றை எவ்வாறு மதிக்கிறார் என்பதையும் குறித்தார். தென்னிந்தியத் தெய்வங்களின் வமிச வரலாற்றை 1713இல் எழுதியபோதும், அது இந்நாட்டாரின் நூல்களினின்றும் கடிதங்களினின்றும் தொகுக்கப்பட்டது என்பதைத் தலைப்பிலேயே தெரிவித்தார். ஆயினும் ஹாலேயிலிருந்த மிஷன் தலைவர்கள் அதை அச்சேற்றவில்லை. 1719இல் அவர் மரித்தபோது அது கையெழுத்துப் படியாகவே இருந்தது.

அதை 1867இல் சென்னையில் ஜெர்மானிய மொழியில் அச்சிட்டவர் வில்ஹெல்ம் கெர்மான். மாற்றமற்ற பதிப்பு என்று தலைப்புப் பக்கம் கூறுகிறது. தேவையான அளவு விரிவாக்கப்பட்டது என்றும் அதே பக்கம் கூறுகிறது! இரண்டும் எவ்வாறு ஒருங்கே பொருந்தும் என்று கேட்க நமக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஈராண்டு கழித்து மெட்ஸ்கர் அதை ஆங்கிலத்தில் தந்தபோது, தம்முடையது தழுவல் மொழிபெயர்ப்பு என்பதையும், புதிய சேர்க்கைகள் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. எனவே அவரைக் குறைகூற இடமில்லை. தலைப்புப் பக்கத்தைப் படியாமல் உட்பக்கத்தை மட்டும் நகல் செய்த நாமே குற்றவாளிகள். மூல வடிவத்தை டானியேல் ஜெயராஜ் 2003இல் ஜெர்மானிய மொழியிலும், 2005இல் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் வெளியிட்ட பின்னரே, சேர்க்கைகளையும் மாற்றங்களையும் ஒப்பிட்டுக் காண வழி பிறந்தது.

இது வெறும் பதிப்பாராய்ச்சி அன்று. சீகன்பால்க் இந்து சமயத்தை எவ்வளவு நேர்மையாக அறிந்திருந்தார் என்பதே இன்றும் நடைபெறும் விவாதம். ஒரு தெய்வப் பெயரின் வடிவத்தையோ, ஒரு கண்டனச் சொல்லையோ பிடித்துக்கொண்டு அவரைப் புகழ்கிறோம் அல்லது பழிக்கிறோம். அச்சொல் கெர்மானுடையதாயின், 18ஆம் நூற்றாண்டு மிஷனெரியின்மேல் 19ஆம் நூற்றாண்டின் மனப்பாங்கை ஏற்றியவர்களாவோம்.

தமிழர் எழுதிய 99 கடிதங்களின் நிலை இதனினும் சிக்கலானது. 1712 முதல் 1714 வரை எழுதப்பட்ட அவை, ஜெர்மானிய மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் 1714இலும் 1717இலும் அச்சாயின. தமிழ் மூலங்கள் இன்று இல்லை. ஆகவே ‘ஒரு தமிழர் எழுதினார்’ என்று கூறி, ஆங்கில வாசகத்தைத் திரும்பத் தமிழாக்கி மேற்கோட்குறிக்குள் இடுவது தகாது. அந்தத் தமிழ் நமது தமிழ், அவருடையது அன்று.

நானும் இக்குற்றத்திற்கு விலக்கானவன் அல்லேன். என் பட்ட ஆய்வேட்டில் மெட்ஸ்கரின் பக்க எண்ணைக் கொடுத்து, ‘சீகன்பால்க், 1713’ என்றே எழுதினேன். தேர்வாளர் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, பாராட்டும் கிடைத்தது! பல ஆண்டுகள் கழித்துப் பாடம் நடத்தும்போதே என் தவறு எனக்குத் தெரிந்தது.

ஆகவே, கையிலிருந்த நூல் எதுவோ அதையே குறிப்பிடுங்கள்: ‘சீகன்பால்க் எழுதியதாக, கெர்மான் பதிப்பைத் தழுவிய மெட்ஸ்கர் மொழிபெயர்ப்பு, சென்னை, 1869’ என்று பக்க எண்ணோடு எழுதுக. நீளமாயிருக்கிறது என்பர். இருக்கட்டும். காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.

என் வகுப்பில் முதல் அடிக்குறிப்பை எழுதுமுன், 1869ஆம் ஆண்டு நூலையும் 2005ஆம் ஆண்டு நூலையும் மேசைமேல் அருகருகே வைத்து, ஒரே பகுதியை வரிக்கு வரி ஒப்பிடச் சொல்கிறேன். இரண்டு மணி நேரம் வீணாகிறது என்று முதலில் முறையிடுகிறார்கள். மணி அடித்த பின்னும் சிலர் மேசையை விட்டு எழுவதில்லை.