பிறப்பும் பிழைப்பும்: கல்லூரி வாயிலில் இரு கேள்விகள்

கல்லூரியில் இடம் கேட்டு வரும் மாணவரிடம் நம் மாநிலம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. யார் வீட்டுப் பிள்ளை என்பது ஒன்று. எந்த ஊர்ப் பிள்ளை என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சாதிச் சான்றிதழும் இரண்டாவதற்குப் பிறப்பிடச் சான்றிதழும் விடையாகும். நீடாமங்கலத்தை அடுத்த கூத்தாநல்லூர், பொதக்குடி முதலிய ஊர்களில் மலாயா, சிங்கப்பூர் எனத் தலைமுறைகளாகக் கடல் கடந்து பிழைத்த குடும்பங்களுக்கு, முதற்கேள்வி கதவைத் திறந்தது. இரண்டாவது அதே கதவைச் சிலருக்கு அடைத்தது.

குடும்பப் பின்னணியைக் கேட்பதே தவறு என்பார் உளர். 1937 டிசம்பரில் இதே நீடாமங்கலத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுப் பந்தியில் அமர்ந்து உண்ட ஆதித்திராவிடர் அடித்துத் துன்புறுத்தப்பட்டு, தலை மழிக்கப்பட்டனர். யாரும் கேளாமலேயே பிறப்பு அங்கே தீர்ப்பாயிற்று. விலக்குவதற்குப் பயன்பட்ட அந்தக் கேள்வியைச் சேர்ப்பதற்குக் கேட்டதே வகுப்புரிமை ஆணையின் சிறப்பு.

அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் காலத்து ஆணை, அரசுப் பணி 12-இல் 2 இடங்களை முஸ்லிம்களுக்கு அளித்தது. 1947-இல் பங்கீடு 14 ஆக மாற்றப்பட்டபோது நமக்குக் கிடைத்தது ஒன்று. மருத்துவ, பொறியியற் கல்லூரி இடங்களும் 6, 2, 2, 2, 1, 1 என்ற இக்கணக்கிலேயே நிரப்பப்பட்டன. செண்பகம் துரைராசன் வழக்கில் 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றம் இதைச் செல்லாததாக்கிற்று. அவ்வம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது பலரும் அறியாத செய்தி! அவ்வாண்டே வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம் பிற்பட்டோர்க்கு வழி செய்தது. முஸ்லிம் என்ற பெயரிலான அந்த ஓரிடம் திரும்பவில்லை. இராவுத்தரும் மரைக்காயரும் அடங்கிய லெப்பை வகுப்பினர் பிற்பட்டோர் பட்டியலில் ஏனைய பெருவகுப்பாருடன் போட்டியிட வேண்டியதாயிற்று. தனிப் பங்கு 2007-இல்தான் கிடைத்தது: பிற்பட்டோரின் 30 விழுக்காட்டுக்குள் 3.5. இடையே கழிந்தவை 56 ஆண்டுகள். உடன் பெற்ற கிறித்தவர்கள் தம் 3.5 விழுக்காட்டை மறு ஆண்டே வேண்டாம் என்று திருப்பினர். நாம் வைத்துக்கொண்டோம், அது சரியான முடிவே என்பது நம் கருத்து. ஆயினும் இச்சட்டத்தின் பட்டியல் மார்க்கத்தின் பெயரோடு நிற்பதில்லை, லெப்பை, தக்னி, மாப்பிள்ளை எனப் பிரிவின் பெயரையும் வேண்டுகிறது. சமத்துவம் பேசும் சமுதாயத்துக்கு இது சற்றே கூச்சம் தருவதுதான்.

இனி இரண்டாவது கேள்வி. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே பயின்றவர் பொறியியற் சேர்க்கைக்குப் பிறப்பிடச் சான்று தர வேண்டியதில்லை. வெளியில் பயின்றவர் தம் குடும்பம் இம்மண்ணுக்குரியது என்று நிறுவ வேண்டும். தந்தை மட்டும் சபர் போக, தாயோடு ஊரில் தங்கிப் படித்த பழைய தலைமுறைப் பிள்ளைகளுக்கு இத்தொல்லை இல்லை. குடும்பத்தோடு துபாய்க்கோ ஜித்தாவுக்கோ சென்றவரின் பிள்ளைதான் பாட்டனார் வீட்டு ஆவணங்களைத் தேடுகிறது. தேடிக் கிடைக்காதவர் வெளிநாட்டு இந்தியர் ஒதுக்கீட்டை நாடுவர். தனியார் தொழிற்கல்லூரிகளில் அது 15 விழுக்காட்டை மிஞ்சலாகாது என 2005-இல் இனாம்தார் வழக்கில் உச்சநீதிமன்றம் வரம்பு கட்டியது. அதன் கட்டணமோ பெருஞ்செல்வர்க்கே இயலும்.

இலங்கை அகதி முகாமில் பிறந்த பிள்ளையின் நிலை இதற்கு நேர்மாறு. ஐந்தாண்டுப் படிப்பு மட்டுமா, பன்னிரண்டு ஆண்டும் இங்கேயே முடித்திருக்கும். ஆயினும் அரசு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும் என்ற முதல் நிபந்தனையிலேயே அதன் விண்ணப்பம் நின்றுவிடுகிறது.