மந்தநிலை எப்போது தொடங்கியது? அமெரிக்கப் பொருளாதாரச் சுழற்சியை அளத்தலும் கணித்தலும்

1. சிக்கலும் ஆய்வின் எல்லையும்

1992 டிசம்பர் 22 அன்று அமெரிக்கப் பொருளியலாளர்கள் சிலர் அடங்கிய குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நாட்டைப் பீடித்திருந்த மந்தநிலை 1991 மார்ச் மாதத்திலேயே முடிந்துவிட்டது என்பதுதான் செய்தி. இடைப்பட்ட 21 மாதங்களில் ஓர் அதிபர் தேர்தலே நடந்து முடிந்திருந்தது. பொருளாதாரம் படுத்துக் கிடக்கிறது என்ற பிரசாரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஜார்ஜ் புஷ் தோற்றார். பில் கிளின்டன் வென்றார்.

பொருளியலாளர்களால் வருங்காலத்தைக் கணிக்க முடியவில்லை என்ற குறை எல்லோரும் சொல்வது. அதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு: நாடு இந்த மாதம் எந்த நிலையில் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. கணிப்புகள் தவறுவதில் பாதிக்குக் காரணம் இந்தத் தெளிவின்மைதான் என்பது இக்கட்டுரையின் வாதம். சுழற்சி அளவையில் நீண்ட பதிவும் வெளிப்படையான நடைமுறையும் அமெரிக்காவுக்கு இருப்பதால் ஆய்வு அந்நாட்டை மையமாகக் கொள்கிறது.

2. அளவையின் பிறப்பு

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாரன் பெர்சன்ஸ் ஒரு ‘பொருளாதார அளவி’யை உருவாக்கினார். ஊக வணிகம், தொழில், பணச்சந்தை ஆகிய மூன்றுக்கும் மூன்று வளைகோடுகள். ஒன்று திரும்பினால் அடுத்தது திரும்பும் என்பது கணக்கு. 1929 பங்குச் சந்தை வீழ்ச்சிக்குப் பிறகும்கூட, கடும் மந்தம் வர வாய்ப்பில்லை என்றே அதை நடத்திய அமைப்பு எழுதிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் அமைப்பே கலைந்துபோனது.

நிலைத்து நின்றது இன்னொரு மரபு. 1920இல் தொடங்கப்பட்ட தேசியப் பொருளாதார ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுகளுக்கு வெஸ்லி மிட்செல் தலைமை ஏற்றார். கொள்கையை முதலில் வகுத்துக்கொண்டு தரவைத் தேடுவது அவர் வழக்கமில்லை. ரயில் சரக்கு, வார்ப்பிரும்பு உற்பத்தி, வங்கித் தீர்வுத் தொகை என்று கிடைத்த வரிசைகளையெல்லாம் சேர்த்து, எது எப்போது ஏறி எப்போது இறங்கியது என்று குறித்தார். பெருமந்தத்திலிருந்து மீண்டுவந்த நாடு 1937இல் மறுபடி சரிந்தபோது, இந்தச் சரிவு எப்போது முடியும் என்பதை எந்தப் புள்ளிவிவரம் முதலில் காட்டிக்கொடுக்கும் என்று கருவூலச் செயலர் ஹென்றி மார்கெந்தோ கேட்டனுப்பினார். மிட்செலும் ஆர்தர் பர்ன்சும் 1938இல் 21 குறியீடுகளைத் தேர்ந்து கொடுத்தார்கள். இன்றைய முன்னோடிக் குறியீடுகளுக்கெல்லாம் மூலம் அந்தப் பட்டியல்தான்.

இருவரும் 1946இல் வெளியிட்ட நூல் சுழற்சியை வரையறுத்தது: பல துறைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் விரிவடைவதும் பிறகு ஒன்றாகச் சுருங்குவதும் சுழற்சி. அது திரும்பத் திரும்ப வரும். ஆனால் கெடு வைத்து வராது. ‘சுழற்சி’ என்று பெயர் இருந்தாலும் கடிகாரம் போன்ற ஒழுங்கு இதில் இல்லை. 2009 ஜூனில் தொடங்கிய வளர்ச்சி 128 மாதங்கள் நீடித்தது; 1980 ஜூலையில் தொடங்கியதோ 12 மாதங்களில் முடிந்தது.

கொள்கையே இல்லாமல் அளந்துகொண்டிருக்கிறார்கள் என்று 1947இல் பொருளியலாளர் ட்யாலிங் கூப்மன்ஸ் சாடினார். அந்தச் சாடலின் கூர்மை இன்னும் மழுங்கவில்லை என்றே நினைக்கிறேன். காரணம் 5ஆம் பகுதியில் வரும்.

3. ஒரு மாதக் கணக்கு உருவாகும் விதம்

பொதுவாக மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை 8.30 மணிக்கு அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் வேலைவாய்ப்பு அறிக்கையை வெளியிடும். அடுத்த நொடியே உலகச் சந்தைகள் அசையும். அந்த ஓர் எண்ணுக்குள் இருப்பவற்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

அறிக்கை இரண்டு ஆய்வுகளின் சேர்க்கை. ஒன்றில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும், மாதத்தின் 12ஆம் தேதி அடங்கிய சம்பளக் காலத்தில் எத்தனை பேர் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள் என்று தெரிவிக்கின்றன. மற்றதில், சுமார் 60,000 வீடுகளில் யார் வேலையில் இருக்கிறார்கள், யார் தேடுகிறார்கள் என்று கேட்கிறார்கள். பகலில் கடையிலும் இரவில் உணவகத்திலும் வேலை செய்பவர் முதல் கணக்கில் இரண்டு பேர், இரண்டாவதில் ஒருவர். விவசாயியும் சுயதொழில் செய்பவரும் முதல் கணக்கில் வரவே மாட்டார்கள். ஆகவே ஒரே மாதத்தில் ஒன்று ஏறி மற்றொன்று இறங்குவது சர்வசாதாரணம்.

அடுத்தது பருவகாலத் திருத்தம். கிறிஸ்துமஸ் விற்பனைக்காகச் சேர்த்தவர்களை அனுப்பிவிடுவதால், ஒவ்வொரு ஜனவரியிலும் சம்பளப் பட்டியலிலிருந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் மறைகின்றன. வழக்கமான அந்த இறக்கத்தைக் கழித்த பிறகே செய்தியில் வரும் எண் பிறக்கிறது. ‘இரண்டு லட்சம் வேலைகள் கூடின’ என்று படிக்கும் மாதத்தில் உண்மையில் வேலைகள் லட்சக்கணக்கில் குறைந்திருக்கலாம்.

அப்படியும் எண் முடிவானதல்ல. தாமதமாக வரும் பதில்களைச் சேர்த்து அடுத்த இரண்டு மாதங்களும் அதைத் திருத்துவார்கள். ஆண்டுக்கொரு முறை வேலையின்மைக் காப்பீட்டு வரிப் பதிவுகளோடு ஒப்பிட்டு மறுபடி திருத்துவார்கள். 2024 மார்ச் கணக்கில் 8,18,000 வேலைகள் மிகையாக இருக்கலாம் என்று அவ்வாண்டு ஆகஸ்டில் முதற்கட்ட மதிப்பீடு சொன்னது. 2025 ஆகஸ்டில் இத்தகைய திருத்தம் ஒன்றின் பேரில் அலுவலகத்தின் ஆணையரையே அதிபர் பதவிநீக்கம் செய்தார். திருத்தத்தை மோசடி என்று வாசிப்பது, இந்தக் கணக்கு எப்படிப் பிறக்கிறது என்பதை அறியாத வாசிப்பு.

இன்னும் கனமான எடுத்துக்காட்டு 2008இன் கடைசிக் காலாண்டு. பொருளாதாரம் ஆண்டு விகிதத்தில் 3.8 சதவீதம் சுருங்கியது என்று 2009 ஜனவரி இறுதியில் முதல் மதிப்பீடு வந்தது. மார்ச்சில் அது 6.3 ஆனது, 2011இல் 8.9 ஆனது. ஒபாமா அரசின் 787 பில்லியன் டாலர் ஊக்கத் திட்டம் 2009 பிப்ரவரி 17 அன்று சட்டமானபோது அவர்கள் கையில் இருந்தது 3.8 என்ற எண். நோயின் அளவு பாதிக்கும் குறைவாகத் தெரிந்த நேரத்தில் மருந்தின் அளவைத் தீர்மானித்தார்கள்.

4. தேதி குறிக்கும் குழு

உச்சம் எந்த மாதம், அடிமட்டம் எந்த மாதம் என்று தீர்ப்பது மேற்சொன்ன ஆய்வு நிறுவனம் 1978இல் அமைத்த குழு. ராபர்ட் ஹால் அதன் தலைவரானார். இது அரசுக் குழு அல்ல. ஆனாலும் இதன் தேதிகளை அரசே ஏற்றுக்கொள்கிறது. வேலைவாய்ப்பு, அரசு உதவித்தொகை நீங்கலான தனிநபர் வருமானம், நுகர்வுச் செலவு, விற்பனை, தொழில் உற்பத்தி ஆகியவற்றை வைத்துக்கொண்டு, சரிவு எவ்வளவு ஆழம், எத்தனை துறைகளில் பரவியது, எவ்வளவு காலம் நீடித்தது என்ற மூன்றையும் சேர்த்து எடைபோடுகிறார்கள். சூத்திரம் எதுவும் கிடையாது.

‘தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் உற்பத்தி சுருங்கினால் மந்தநிலை’ என்று நம் நாளிதழ்கள் எழுதும் விதி இக்குழுவுடையதல்ல. பொருளியலாளர் ஜூலியஸ் ஷிஸ்கின் 1974இல் நியூயார்க் டைம்ஸ் கட்டுரை ஒன்றில் கொடுத்த பல அளவுகோல்களில் அது ஒன்று, மற்றவை மறந்துபோயின. அதன் பலவீனம் 2022இல் வெட்டவெளிச்சமானது. அவ்வாண்டின் முதல் இரண்டு காலாண்டுகளும் அப்போதைய கணக்கில் சுருக்கம். ஆனால் மாதாமாதம் லட்சக்கணக்கில் வேலைகள் கூடிக்கொண்டிருந்தன. குழு வாய் திறக்கவில்லை. 2024 செப்டம்பர் திருத்தத்தில் இரண்டாம் காலாண்டு சிறு வளர்ச்சியாக மாறியது. விதியைப் பிடித்துக்கொண்டு அன்று மந்தநிலை என்று முழங்கியவர்களின் ஆதாரமே கரைந்துவிட்டது.

குழுவின் தாமதத்தைக் கேலி செய்வது எளிது. 2007 டிசம்பரில் தொடங்கிய சரிவை அது அறிவித்தது 2008 டிசம்பர் 1 அன்று. லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. ஆனால் கொரோனா காலத்தில், 2020 பிப்ரவரி உச்சத்தை நான்கே மாதங்களில், ஜூன் 8 அன்று அறிவித்துவிட்டது. ஐயத்துக்கு இடமில்லாதபோது விரைகிறது. இடமிருக்கும்போது திருத்தங்கள் அடங்கக் காத்திருக்கிறது. அதே கொரோனாச் சரிவு இரண்டே மாதங்களில் ஏப்ரலில் முடிந்தது என்று சொல்ல 2021 ஜூலை வரை எடுத்துக்கொண்டது. வரலாற்றாசிரியருக்கு இந்தப் பொறுமை அழகு. மத்திய வங்கிக்கோ நிதியமைச்சருக்கோ இதனால் பயனில்லை. அவர்கள் முன்னோடிக் குறியீடுகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

5. முன்னோடிகளும் அவற்றின் சறுக்கலும்

ஜெஃப்ரி மூர் 1950இல் குறியீடுகளை முன்செல்பவை, உடன்செல்பவை, பின்தங்குபவை என்று வகைப்படுத்தினார். முன்செல்பவற்றில் சிலவற்றின் தர்க்கம் புரிந்துகொள்ள எளிது. ஆர்டர் குறைந்தால் முதலாளி உடனே ஆளைக் குறைப்பதில்லை. முதலில் ஓவர்டைமை நிறுத்துவார். அதனால் ஆலைத் தொழிலாளரின் வாராந்தர வேலைநேரம் வேலைவாய்ப்புக்கு முன்பே சரியும். வீடு கட்டும் அனுமதிகளும் வேலையிழப்பு உதவி கோரும் புதிய மனுக்களும் அதுபோலவே முன்கூட்டியே திரும்பும்.

மிகுந்த பெயர் பெற்றது அரசுக் கடன் பத்திர வட்டி. பத்தாண்டுப் பத்திரத்தைவிட மூன்று மாதப் பத்திரத்துக்கு வட்டி கூடினால், இனி வட்டி குறையப்போகிறது, அதாவது பொருளாதாரம் தளரப்போகிறது என்று சந்தை எண்ணுவதாகப் பொருள். இந்த வட்டி இடைவெளிக்கும் வருங்கால நுகர்வுக்கும் உள்ள உறவைக் கேம்ப்பெல் ஹார்வி 1986இல் சிகாகோ பல்கலைக்கழக முனைவர் ஆய்வேட்டில் காட்டினார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு மந்தநிலைக்கு முன்பும் இந்தத் தலைகீழ் நிலை தோன்றியது.

2022 அக்டோபர் இறுதியில் மறுபடி தோன்றி, 2024 டிசம்பர் வரை நீடித்தது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி இந்த இடைவெளியை மட்டும் வைத்துக் கணக்கிடும் மந்தநிலை நிகழ்தகவு 2023இல் சுமார் 70 சதவீதத்தைத் தொட்டது. கான்ஃபரன்ஸ் போர்டு அமைப்பின் முன்னோடிக் குறியீட்டெண்ணும் மாதாமாதம் இறங்கியது. மந்தநிலை வரவில்லை, 2024 பிப்ரவரியில் அவ்வமைப்பு தன் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றது. கூப்மன்சின் சாடல் பொருந்துவது இங்கேதான். அமெரிக்க வீட்டுக்கடனில் பெரும்பகுதி முப்பதாண்டு நிலையான வட்டியில், 2020–21இன் மலிவான விகிதத்தில் பூட்டப்பட்டிருந்தது. மத்திய வங்கி வட்டியை உயர்த்தியதும் மாதத் தவணை உயரவில்லை. குறியீடு எச்சரித்தது, ஆனால் வட்டி உயர்வு பொருளாதாரத்தைத் தாக்கும் வழி அடைபட்டிருந்தது. வழி எது என்று சொல்லும் கொள்கை கையில் இல்லாமல், பழைய ஒத்திசைவை மட்டும் நம்பியவர்கள் ஏமாந்தார்கள்.

பொருளியலாளர் கிளாடியா சாம் 2019இல் முன்வைத்த விதியும் இதே பாடுபட்டது. வேலையின்மை விகிதத்தின் மூன்று மாதச் சராசரி, முந்தைய ஓராண்டின் மிகக் குறைந்த அளவிலிருந்து அரைப் புள்ளி கூடினால் மந்தநிலை தொடங்கிவிட்டது என்பது விதி. மக்களுக்கு உதவித்தொகையைத் தானாக அனுப்பத் தொடங்கும் விசையாகவே அவர் அதை வகுத்தார். 2024 ஆகஸ்ட் 2 அன்று அந்தக் கோடு தாண்டப்பட்டது. அடுத்த திங்களன்று ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 12 சதவீதத்துக்கும் மேல் விழுந்ததில் இந்த அச்சத்துக்கும் பங்குண்டு. வேலை தேடுவோர் புதிதாகப் பெருகியதாலும் விகிதம் ஏறலாம், விதி இம்முறை பொய்க்கலாம் என்று சாமே எச்சரித்தார், அப்படியே ஆயிற்று.

6. உடனடி மதிப்பீடும் நிகழ்தகவும்

1990களில் உலகெங்கும் நேர்ந்த 60 மந்தநிலைகளில், ஓராண்டு முன்னதாகக் கணிப்பாளர்களின் பொதுக்கருத்து சொன்னவை இரண்டே என்று பன்னாட்டு நாணய நிதியத்தின் பிரகாஷ் லுங்கானி காட்டினார். எண்ணெய் விலை, வட்டி உயர்வு, இணையப் பங்குகள், வீட்டுக்கடன், வைரஸ் என்று ஒவ்வொரு மந்தநிலைக்கும் மூலம் வேறாக இருக்கும்போது இது வியப்பில்லை.

அதனால் வருங்காலத்தை விட்டு, நடப்புக் காலாண்டையே மதிப்பிடும் முயற்சி வளர்ந்தது. இந்தியாவில் 2020 நவம்பரில் ரிசர்வ் வங்கியின் மாத இதழ்க் கட்டுரை ஒன்று, ஜூலை–செப்டம்பர் காலாண்டு 8.6 சதவீதம் சுருங்கியிருக்கும் என்று மதிப்பிட்டது. மாத இறுதியில் வந்த அதிகாரபூர்வ எண் 7.5. திசையும் ஏறத்தாழ அளவும் சரி. அட்லாண்டா ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் மாதிரியோ 2025இன் முதல் காலாண்டில் தடுமாறியது. வரி விதிப்புக்கு அஞ்சி வணிகர்கள் தங்கத்தை விமானத்தில் ஏற்றிக் குவித்தார்கள். முதலீட்டுத் தங்கத்தை உள்நாட்டு உற்பத்திக் கணக்கு இறக்குமதியில் சேர்ப்பதில்லை. மாதிரி சேர்த்துக் கழித்தது. கிட்டத்தட்ட 3 சதவீதச் சுருக்கம் என்று அது காட்ட, முதல் அரசு மதிப்பீடு 0.3 சதவீதச் சுருக்கம் என்றே வந்தது. தங்கத்தை நீக்கிய மாற்றுக் கணக்கை வங்கி இடையிலேயே வெளியிட வேண்டியதாயிற்று.

இனி நிகழ்தகவு: நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் 2023 மதிப்பீடான 70 சதவீதம் தவறா? தவறென்று சொல்லிவிட முடியாது. பத்தில் மூன்று முறை நடக்காமல் போகும் என்பதும் அதில் அடக்கம். அந்த எழுபது சரியான எழுபதுதானா என்று சோதிக்கப் பல நிகழ்வுகள் வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு 2020 வரை அமெரிக்கா கண்ட மந்தநிலைகள் மொத்தம் 12.