காணாமற்போன கீசகன்

தாம்பரத்தில் நான் ஆசிரியனாக இருந்த காலம். திரைப்பட வரலாற்றைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நம் முதற்படத்தை எங்கே பார்க்கலாம்?" என்று வினவினான். எங்கும் பார்க்க இயலாது என்றேன். "பார்க்காமலே அதைப் பற்றி எவ்வாறு சொல்கிறீர்கள்?" என்றான். நான் விடை கூறுமுன் மணி அடித்துவிட்டது. அவ்விடையை இன்று கூற முயல்கிறேன்.

அப்படம் 'கீசக வதம்'. தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். எடுத்தவர் வேலூரைச் சேர்ந்த ஆர். நடராஜ முதலியார்; சென்னையில் மோட்டார் உதிரிப்பாக வணிகர். ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் படப்பிடிப்பைக் கற்று, புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் இந்தியா பிலிம் கம்பெனியை நிறுவினார். திரௌபதியை விரும்பிய கீசகனைப் பீமன் கொல்லும் பாரதக் கதை தெருக்கூத்தில் மக்கள் அறிந்ததே. ஆதலால் ஓசையின்றியே விளங்கியிருக்கும்.

ஆனால் அது வெளியான ஆண்டு எது? 1916 என்பாரும், 1917 என்பாரும், 1918 என்பாரும் உளர். படம் இருந்தால் இவ்வழக்கே எழாது! எஞ்சிய செய்திகளைக் கொண்டே துப்பறிய வேண்டும். படத்தின் இந்தி எழுத்து அட்டைகளை எழுதியவர் காந்தியடிகளின் மைந்தர் தேவதாஸ் காந்தி என்பர். அவர் இந்தி கற்பிக்கச் சென்னைக்கு வந்த ஆண்டு 1918. அச்செய்தி மெய்யானால், 1918 என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

அக்காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், தீயினின்று தப்பினாலும், வெப்பத்தில் நாளடைவில் பிசுபிசுத்துப் பின் பொடியாகும். அதிலுள்ள வெள்ளிக்காகப் பழஞ்சுருளை உருக்கியோரும் உண்டு. முதலியாரோ, மகனைத் தீவிபத்தில் பறிகொடுத்து, 1923இல் இத்தொழிலையே துறந்தார். 1971 வரை அவர் வாழ்ந்தார். அவர் எடுத்த படங்கள் வாழவில்லை.

நாகர்கோவில் சுந்தரராஜ் 1933இல் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' மட்டும் வேறுவகை. நாவலின் உரிமை குறித்து வழக்கு எழுந்து, படம் திரையினின்று இறக்கப்பட்டது. தயாரிப்பாளருக்குப் பெருநட்டம். முடங்கிக் கிடந்த அப்படி 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது. என் மாணவனுக்கு இன்று காட்டக்கூடிய தென்னாட்டு மௌனப்படம் அதுவே.